பதவி இல்லாத இடத்தில் செல்வாக்கு: உடன் பணிபுரிபவர்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது?

தொடுவானம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உற்பத்தி நிறுவனம் ஒன்றில் திட்ட ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். வடிவமைப்பு, கொள்முதல், தரக்கட்டுப்பாடு, கணக்கு ஆகிய நான்கு பிரிவுகளும் கைகொடுத்தால்தான் என் வேலை நடக்கும். ஆனால் அந்த நான்கு பிரிவுகளிலும் எனக்குக் கீழ்ப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. அவர்களுடைய வருடாந்திர மதிப்பீட்டில் என் கருத்து கேட்கப்படுவதில்லை. விடுப்பு அளிப்பதோ ஊதிய உயர்வுக்குப் பரிந்துரைப்பதோ என் கையில் இல்லை. பொறுப்பு முழுவதும் என்னிடமும் அதிகாரம் முழுவதும் வேறிடங்களிலும் இருக்கும் இந்த நிலை இங்குள்ள பலருக்கும் பழக்கமானதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னோடு ஒரே பதவியில் இருக்கும் ஒருவரைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஆயினும் அவர் ஒரு வேலையைக் கேட்டால், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் தங்கள் அட்டவணையை மாற்றியமைத்தாவது செய்துகொடுக்கிறார்கள். அதே வேலையை நான் கேட்டால், "மின்னஞ்சல் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்ற பதில் வருகிறது. என்னிடம் யாரும் மரியாதைக் குறைவாக நடந்துகொள்வதில்லை. மரியாதை இருக்கிறது, இசைவு இல்லை, அவ்வளவுதான்.

அவருக்குக் கிடைத்திருக்கும் இந்தச் செல்வாக்கு எதிலிருந்து வருகிறது, அது கற்றுக்கொள்ளக் கூடியதா என்பது என் முதல் கேள்வி. எனக்கு அவர்களிடம் வேலை ஆக வேண்டியிருக்கிறது என்பதற்காகவே நான் நெருங்கிப் பழகத் தொடங்கினால், அந்த நெருக்கம் நேர்மையானதாக இருக்க முடியுமா என்பது இரண்டாவது. புன்னகையோடு பேசுங்கள், பிறந்தநாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரைகளைப் போதுமான அளவு படித்துவிட்டேன். பணியிடத்தில் நெடுநாள் இருந்து இதை உள்ளிருந்து பார்த்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையகணக்கர்

நண்பரே, நீங்கள் உதவி கேட்டுச் செல்லும் நான்கு பிரிவுகளில் ஒன்றில்தான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. எனவே கேட்கப்படுபவரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கணக்குப் பிரிவுக்கு ஒரு விலைப்பட்டியல் வந்தால் அதை அப்படியே பணமாக்கி அனுப்பிவிட முடியாது. கொள்முதல் ஆணை, பொருள் வந்து சேர்ந்ததற்கான பெறுகைச் சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் ஒரு எண் மாறியிருந்தாலும், அதை அப்படியே கடத்திவிட்டால் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேசையில் அமர்ந்திருக்கும் எழுத்தர்தான். மாத இறுதியில் கணக்கு முடிக்கும் நாட்களில் இந்த வேலை பல மடங்காகிவிடும். வெளியே இருப்பவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கணக்குப் பிரிவு எப்போதும் தாமதப்படுத்தும் என்பது மட்டுமே.

எங்களிடம் வருபவர்கள் பொதுவாக மூன்று விதமாக நடந்துகொள்வார்கள். மேலாளரின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்துபவர்கள் ஒரு வகை. நலம் விசாரித்து, குடும்பத்தைப் பற்றிக் கேட்டு, இறுதியில் கோப்பை எடுத்து வைப்பவர்கள் இன்னொரு வகை. இவர்கள்மீது எங்களுக்குக் கோபம் இருந்ததில்லை, ஆனால் அந்த விசாரிப்பு எதற்காக என்பது எங்களுக்குத் தெரியும். மூன்றாவது வகையினர் மிகச் சிலர். அவர்கள் வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் வந்து, "என் கோப்புகள் உங்களிடம் எந்த இடத்தில் தடைப்படுகின்றன? நான் எதை மாற்றி அனுப்பினால் உங்களுக்கு எளிதாக இருக்கும்?" என்று கேட்டவர்கள். கேட்டதோடு நிற்காமல், அடுத்த முறை கோப்பை அனுப்பும்போது அதைச் செய்தும் காட்டியவர்கள். அவர்களுடைய கோப்பை நாங்கள் முதலில் எடுத்தோம். அதற்கு ஒரு காரணம் அது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் அதைவிட ஆழமான காரணம், இத்தனை பெரிய நிறுவனத்தில் நாங்கள் செய்வதும் ஒரு வேலை, அதிலும் சிரமம் உண்டு என்று ஒருவர் அறிந்துகொண்டார் என்பதுதான்.

உங்கள் சகப் பணியாளரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அவர் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவர் என்றே எனக்குத் தோன்றியது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு மாதிரியைச் சோதிக்க எவ்வளவு நேரமாகும், எந்தக் கருவிக்கு வரிசை நீளம், எந்தச் சோதனையை இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு மனிதரின் பிறந்தநாளை அறிவதைவிட அவருடைய வேலையின் கடினமான பகுதி எது என்பதை அறிவது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. பணியிட உறவுக்கு அதைவிட உறுதியான அடித்தளத்தை நான் கண்டதில்லை.

அமைதிவிரும்பி

பழையகணக்கர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு பகுதியை ஏற்கத் தயங்குகிறேன். அவர் விவரிப்பது நல்ல வேலைப்பழக்கம். கோப்பைச் சரியாக அனுப்புவதை மனித உறவு என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்? உறவு என்றால் ஒருவரிடமிருந்து எதையும் எதிர்பாராமல் அவரைப் பொருட்படுத்துவது. இங்கு நாம் பேசிக்கொண்டிருப்பதோ முன்கூட்டியே செய்யும் முதலீட்டைப் பற்றி.

பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்ற கடப்பாட்டுணர்வு எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவதாக ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியலாளர் 1960-இல் எழுதினார். அந்த உணர்வு அத்தனை வலிமையானது என்பதாலேயே அது எளிதில் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. கேட்காத உதவியைச் செய்துவிட்டு, பிறகு அதைக் காட்டிப் பெரிய சலுகையைப் பெறுபவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே இழையைத் தொடங்கியவரின் இரண்டாவது கேள்வியே எனக்கு முதன்மையானதாகப் படுகிறது; அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி

நான் மருத்துவமனையில் செவிலியர் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அமைதிவிரும்பியின் கேள்விக்கு என் துறையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 அம்சங்கள் கொண்ட அந்தப் பட்டியலில், தோலில் கத்தி படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுள் ஒன்று, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது. முதன்முறை கேள்விப்படுபவர்களுக்கு இது வெறும் சடங்காகத் தோன்றலாம். ஆனால் ஒருமுறை வாய் திறந்து தன் பெயரைச் சொல்லிவிட்ட இளைய செவிலியர், பிறகு ஏதோ தவறாக நடப்பதைக் கண்டால் பேசுவதற்குக் குறைவாகவே தயங்குவார் என்பதே அதன் பின்னுள்ள எண்ணம். எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவு முழுவதும் பெயர் சொல்வதால் வந்ததென்று நான் சொல்லவில்லை. பட்டியலில் வேறு பல முக்கியமான சரிபார்ப்புகள் உண்டு. ஆனாலும் கிருமித்தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்ற கேள்வி இடம்பெறும் அதே தாளில் பெயர் சொல்லும் கடமையும் இடம்பெற்றிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கு உறவு யாருடைய சொந்த ஆதாயத்துக்காக? நோயாளிக்காக. பொதுவான ஒரு நோக்கத்துக்காக இருவர் நெருங்குவது நேர்மையற்றதாக ஆகிவிடாது. மறைக்க வேண்டிய நோக்கம் இருக்கும்போதுதான் அது ஏமாற்றாகிறது. "எனக்கு உங்கள் உதவி தேவை, அதனால்தான் உங்கள் வேலையைத் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தால் அதில் தவறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். செல்வாக்கு என்றதும் நாம் பிறரை எப்படி இசையவைப்பது என்றே யோசிக்கிறோம். பிறர் சொல்வதற்கு நாம் இசைகிறோமா என்பதை மறந்துவிடுகிறோம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களில் பிழை எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்களோ அதற்கு நேர்மாறாக இருந்தன. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்த தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் வந்தடைந்த விளக்கம். ஒரு கெட்ட செய்தியோடு வருபவரிடம் நாம் முதல் அரை நிமிடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்துதான் நம்மிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தீர்மானிக்கிறார்கள்.

தொடுவானம்

மூவருக்கும் நன்றி. பழையகணக்கர் ஐயா சொன்னபடி அந்தச் சகப் பணியாளரிடமே கேட்டேன். அவர் பணியில் சேர்ந்த புதிதில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் அனுமதி பெற்று ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்து பார்த்தாராம். இன்றும் ஒரு சோதனையைக் கேட்பதற்கு முன், எந்தக் கருவி காலியாக இருக்கிறது என்று விசாரித்துவிட்டே கேட்கிறாராம். அதை அவர் ஒரு உத்தியாகக் கருதவில்லை. அப்படித்தானே கேட்க வேண்டும் என்றார்.

ஆனால் கூட்டங்களில் என்ன செய்வது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அங்கு ஒரே நேரத்தில் நான்கு பிரிவினரும் அமர்ந்திருக்கிறார்கள்; ஒருவருக்கு வசதியானது இன்னொருவருக்குச் சுமையாகிறது. தரவுகளோடும் அட்டவணைகளோடும் போகிறேன், எதிர்ப்பு வருகிறது, முடிவில் யாருக்கும் நிறைவில்லாத ஒரு சமரசத்தோடு வெளியே வருகிறோம்.

ஆய்வுமேசை

நிறுவன நடத்தை பற்றிப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இந்த இழையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமரசத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925-ஆம் ஆண்டிலேயே மிக எளிய ஓர் உதாரணத்தால் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு நூலகத்தின் சிறிய அறையில் இருவர் இருந்தார்கள். ஒருவருக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஃபாலெட்டுக்கு அது மூடியிருக்க வேண்டும். பாதி திறப்பது சமரசம். அதில் இருவருக்கும் பாதிக் குறை. அவர்கள் யாரும் இல்லாத பக்கத்து அறையின் சன்னலைத் திறந்தார்கள். ஏனென்றால் அவருக்கு உண்மையில் வேண்டியது அறைக்குள் காற்று. இவருக்கு வேண்டியதோ வடக்குக் காற்று நேராக மேலே படாமல் இருப்பது. கேட்டது வேறு, வேண்டியது வேறு. இந்த வேறுபாடு கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசும்போது வெளிப்படுவது அரிது. அங்கு ஒவ்வொருவரும் தம் பிரிவின் நிலைப்பாட்டைக் காத்து நிற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து, "இந்தத் தேதி ஏன் உங்களுக்கு ஒத்துவராது?" என்று கேட்டு, பதிலை இறுதிவரை கேட்டால், பக்கத்து அறைச் சன்னல் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறர்மீது செலுத்தும் அதிகாரம், பிறரோடு சேர்ந்து உருவாக்கும் ஆற்றல் என்று ஃபாலெட் இரண்டாகப் பிரித்துப் பேசினார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சிந்தனை அது. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் அவர் பெயர் மறக்கப்பட்டுக் கிடந்தது வருத்தத்துக்குரியது.

தரவுகளோடு போகிறேன் என்றீர்கள். அது வீண் அல்ல. பணியிடத்தில் ஒருவர் இன்னொருவரை இசையவைக்கக் கையாளும் வழிகளைக் கேரி யூக்ல் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார்கள். காரணம் காட்டி விளக்குவது, திட்டமிடும்போதே கலந்தாலோசிப்பது, மற்றவர் மதிக்கும் விழுமியங்களைத் தொட்டுப் பேசுவது ஆகிய வழிகள் மனமார்ந்த ஈடுபாட்டைப் பெற்றுத்தந்தன. நெருக்குவதும் விதியையும் மேலிடத்தையும் காட்டுவதும் மிகக் குறைவாகவே பெற்றுத்தந்தன. உங்களிடம் முதல் வழி இருக்கிறது, இரண்டாவது இல்லை. தயாராக முடிக்கப்பட்ட அட்டவணையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அது உங்களுடைய அட்டவணை. பென்சிலால் எழுதிய முதல் வரைவைக் கொண்டுபோய், "எங்கே தவறு என்று சொல்லுங்கள்" என்று கேட்டால், திருத்தியவருக்கும் அதில் பங்கு உண்டாகிறது.

அமைதிவிரும்பி எழுப்பிய ஐயத்துக்கும் ஒரு பழைய ஆய்வு துணைபுரியும். சிகாகோவை அடுத்த சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலை இருந்தது. அங்கு 1924-இல் வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறியத் தொடங்கிய சோதனைகள் 1932 வரை பல வடிவங்களில் நீண்டன. கவனிக்கப்படுவதாலேயே தொழிலாளர்கள் அதிகம் உழைத்தார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். எஞ்சியிருந்த வெளிச்சச் சோதனைத் தரவுகளைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தபோது அந்தக் கதைக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆலையில் நடந்த வேறு இரண்டு பணிகள் நமக்கு அதிகம் உதவுபவை.

1928-இல் தொடங்கிய நேர்காணல் திட்டம் முதலாவது. 20,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பேசினார்கள். தொடக்கத்தில் முன்பே எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டார்கள். ஊழியர்களோ அவற்றை விட்டுவிலகித் தங்களுக்கு முக்கியமானவற்றைப் பேசினார்கள். எனவே முறையையே மாற்றி, அவர்களை விருப்பப்படி பேசவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். செவிகொடுத்துக் கேட்பது மேலாண்மையில் ஒரு திறனாகக் கருதப்படத் தொடங்கியதற்கு அந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, தொலைபேசி இணைப்புகளைக் கம்பியிட்டுக் கோக்கும் 14 பேரை 1931 நவம்பர் முதல் 1932 மே வரை ஒரு தனி அறையில் அமர்த்திக் கவனித்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை நியாயம் என்பதை அந்தக் குழு தானே தீர்மானித்து வைத்திருந்தது. அதற்கு மேல் செய்தவரையும் கேலி செய்தார்கள். குறைத்துச் செய்தவரையும் கேலி செய்தார்கள். மேலாளரிடம் போய்ச் சொல்பவரை ஒதுக்கினார்கள். அதிகமாகச் செய்தால் அதிக ஊதியம் என்று நிறுவனம் வைத்திருந்த ஏற்பாடு அந்த எழுதப்படாத விதிக்கு முன்னால் செயலற்றுப் போயிற்று. நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தில் இல்லாத ஒரு செல்வாக்கு எல்லாப் பணியிடங்களிலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதையே இது காட்டுகிறது. உறவில் செல்வாக்குக் கலப்பது தகுமா என்று நாம் தயங்கினாலும், அது கலந்துதான் இருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது மட்டுமே நம் தெரிவு.

தொலைப்பணி

நீங்கள் அனைவரும் ஒரே கட்டடத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து பணிபுரிகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பார்ப்பது எங்களுக்கு இயலாது.

தூரத்தின் விளைவு கற்பனையல்ல. எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது செங்குத்தாகக் குறைவதையும், ஏறக்குறைய 50 மீட்டருக்குள்ளேயே அது அடிமட்டத்தைத் தொட்டுவிடுவதையும் காட்டினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் 2020 முதல் பாதித் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான கட்டுரை, முழுமையான தொலைப்பணி வந்தபின் மக்கள் தங்கள் குழுவுக்குள் இறுகிப்போனதையும் பிற குழுக்களோடு செலவிட்ட நேரத்தின் பங்கு ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததையும் சொல்கிறது. அதாவது தொடுவானத்துக்குத் தேவைப்படும் அந்தக் குறுக்குத் தொடர்புகள்தான் முதலில் அறுந்துபோகின்றன.

எங்கள் குழுவில் நாங்கள் கண்டுகொண்டவை சில உண்டு. ஒரு கோரிக்கையை எழுத்தில் அனுப்புவதற்கு முன் குரலில் பேசிவிடுகிறோம். பேசியதைப் பிறகு எழுத்தில் உறுதிசெய்கிறோம், முன்கூட்டி அல்ல. அறிமுகமில்லாதவர்களிடம் நேரில் கேட்பது மின்னஞ்சலில் கேட்பதைவிட 34 மடங்கு பயன் தந்தது என்று 2017-இல் ஒரு சோதனை காட்டியது. அந்தத் துல்லியமான எண் உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தாமல் போகலாம், திசை பொருந்தும். எழுத்தில் மௌனத்துக்கு எந்தப் பொருளும் கொடுத்துவிடலாம் என்பதால், பதில் சொல்ல நாளாகும் என்றால் அதையாவது உடனே சொல்லிவிடுகிறோம். பிற குழுவினர் தங்கள் திரையைப் பகிர்ந்து தங்கள் வேலையை நடத்திக் காட்டும் ஒரு மணி நேரத்தை ஒழுங்காக வைத்திருக்கிறோம். அதில் முடிவு எதுவும் எடுப்பதில்லை, கேள்வி கேட்க மட்டுமே அனுமதி. ஆய்வகத்தில் ஷிப்ட் முழுவதும் அமர்ந்திருப்பதற்கு அது ஈடாகாதுதான். ஆயினும், ஒருவருடைய திரையில் எத்தனை இடங்களில் அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தபின், அவரை அவசரப்படுத்தும் தொனி தானாகவே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

நிரல்வழி

ஆய்வுமேசை அவர்களிடம் ஒரு கேள்வி, அல்லது ஒரு முறையீடு. கேட்பது, புரிந்துகொள்வது, கலந்தாலோசிப்பது எல்லாம் சரி. ஆனால் பணியிடத்தில் எல்லோரும் ஒரே மட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. மென்பொருள் குழுக்களில் பணிபுரியும் பெண் என்ற முறையில் சொல்கிறேன்: பிறர் வேலையைப் புரிந்துகொள்வதும் இணக்கமாக நடந்துகொள்வதும் எங்களிடம் ஏற்கெனவே எதிர்பார்க்கப்படுகின்றன; செய்தால் செல்வாக்குக் கூடுவதில்லை, செய்யாவிட்டால் மட்டும் குறை வருகிறது. கூட்டத்தில் நாங்கள் சொன்ன ஒரு தீர்வு காற்றில் போய்விடுகிறது. சற்று நேரம் கழித்து அதையே இன்னொருவர் சொன்னால் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

இதற்கு அமெரிக்க அதிபர் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த பெண்கள் ஒரு வழியைக் கையாண்டதாக 2016-இல் செய்தி வந்தது. ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், மற்றொரு பெண் அதை மீண்டும் எடுத்துரைத்து, முதலில் சொன்னவர் யார் என்பதையும் பெயரோடு சேர்த்துச் சொல்வார். அதனால் அந்தக் கருத்தைப் புறக்கணிப்பதும் கடினமானது, அதற்கு வேறொருவர் உரிமை கொண்டாடுவதும் கடினமானது. நாங்கள் இதை எங்கள் குழுவில் ஆண், பெண் வேறுபாடின்றி வழக்கமாக்கியிருக்கிறோம். ஒரு நிரல் திருத்தத்தை ஏற்கும்போது, அந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்தவர் பெயரையும் குறிப்பில் எழுதுகிறோம். செல்வாக்கு உள்ளவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், இல்லாதவர்களின் பெயரைச் சரியான இடத்தில் சொல்வது என்று நான் நம்புகிறேன். தங்களுக்குச் செல்வாக்கு வேண்டும் என்று கேட்பவர்களும் இதை இன்றே செய்யலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அமைதிவிரும்பி

நிரல்வழி எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரவுப்பணி சொன்ன அளவுகோலையும் ஏற்கிறேன்: நோக்கத்தை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்பது நல்ல சோதனை. என் தயக்கம் பெருமளவு நீங்கியது.

ஒரே ஒரு எச்சரிக்கை. உறவு வளர வேண்டும் என்று நிர்வாகங்கள் சுவர்களை அகற்றித் திறந்தவெளி அலுவலகங்களை அமைக்கின்றன. ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு நிறுவனங்களில் உணரிக் கருவிகளைக் கொண்டு அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மாற்றியபின் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. எல்லோர் பார்வையிலும் இருக்கும் மனிதர் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு தனக்கொரு சுவரைக் கட்டிக்கொள்கிறார். என்னைப் போன்ற அதிகம் பேசாதவர்களுக்கு இது நன்கு தெரியும். கூட்டி உட்காரவைப்பதால் உறவு வந்துவிடாது. தனியாகப் பேச ஓரிடம் வேண்டும்.

பழையகணக்கர்

அமைதிவிரும்பி தொட்டதிலிருந்து ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. அதிகம் பேசாதவர்கள் உதவி கேட்கவும் தயங்குவார்கள். கேட்டால் தொந்தரவாகிவிடும், தம் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணுவார்கள். பிரான்சிஸ் ஃபிளினும் வனெஸா லேக்கும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், உதவி கேட்கப் போகிறவர்கள் பிறர் இசையும் வாய்ப்பை மிகக் குறைத்து மதிப்பிட்டார்கள். சில இடங்களில் உண்மையில் இருந்ததில் பாதி அளவுக்குத்தான் எதிர்பார்த்தார்கள்.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன்னிடம் பகைமை பாராட்டிய ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய நூல் ஒன்றை இரவல் கேட்டதையும், அதன்பின் அவர் வாழ்நாள் நண்பரானதையும் எழுதியிருக்கிறார். நமக்கு நன்மை செய்தவரைவிட, நாம் நன்மை செய்தவரிடம் நமக்குப் பற்று வளர்கிறது. எனவே உதவி செய்வதைப் போலவே, ஒருவருடைய அறிவை மதித்து உதவி கேட்பதும் உறவை வளர்க்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கேட்டது என்னவாயிற்று என்பதைத் திரும்பச் சென்று சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் இரவு வரை இருந்து ஒரு கணக்கைச் சரிசெய்து கொடுப்போம். அது பயன்பட்டதா இல்லையா என்று ஒரு வரி வராது. அடுத்த முறை அதே ஆர்வத்தோடு அமர மனம் வராது. அந்த ஒரு வரியை மறவாமல் அனுப்பியவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவில் இருக்கின்றன.

தொடுவானம்

எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகவே கற்றுக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு முன் நான்கு பிரிவினரையும் தனித்தனியே சந்தித்து வரைவு அட்டவணையைக் காட்டப் போகிறேன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினரிடம் ஆய்வகத்தில் அமர்ந்து பார்க்க அனுமதியும் கேட்டிருக்கிறேன். அவர்கள் வியப்போடு ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. என் மேலாளர் பிரிவுகளுக்கு இடையிலான பேச்சு முழுவதும் தம் வழியாகவே நடக்க வேண்டும் என்று விரும்புபவர். நான் நேராகச் சென்று பேசினால் அவரை மீறிச் செயல்படுவதாக எண்ணக்கூடும். மற்றப் பிரிவுகளின் மேலாளர்களும், தங்கள் ஆட்களிடம் நான் நேரடியாக வேலை வாங்கப் பார்க்கிறேன் என்று நினைக்கலாம். இதை எப்படிக் கையாள்வது?

இரவுப்பணி

மருத்துவமனையைப் போல அடுக்கு நிலை இறுக்கமாக உள்ள இடம் குறைவு. எனவே இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். செய்த பிறகு தெரிய வருவதுதான் மேலாளரை வருத்தும். செய்வதற்கு முன் சொன்னால் பெரும்பாலோர் தடுப்பதில்லை. அவரிடம் செல்லும்போது, நாங்கள் மருத்துவரிடம் தகவல் சொல்லப் பயன்படுத்தும் வரிசையைக் கடைப்பிடித்துப் பாருங்கள்: நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என் பரிந்துரை. "சோதனை முடிவுகள் தாமதமாக வருகின்றன. கோரிக்கைகள் கருவிகளின் அட்டவணை தெரியாமல் அனுப்பப்படுகின்றன. அவர்கள் வேலைமுறை தெரிந்தால் பாதித் தாமதம் குறையும் என்று கருதுகிறேன். இந்த வாரம் ஒரு நாள் ஆய்வகத்தில் இருந்து பார்த்துவிட்டு உங்களிடம் வந்து சொல்கிறேன்." நான்கு வாக்கியங்கள் போதும்.

மற்றப் பிரிவு மேலாளர்களைப் பொறுத்தவரை, தெரிந்துகொள்ளும் பேச்சையும் வேலை கேட்கும் பேச்சையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்வதற்கு நேராக அந்தப் பணியாளரிடம் செல்லலாம், அவருடைய மேலாளருக்கு முன்பே ஒரு சொல் சொல்லிவிட்டு. வேலை கேட்கும்போது மட்டும் வழக்கமான வழியிலேயே கேளுங்கள். உங்களுக்காக அந்தப் பணியாளர் செய்த நல்ல காரியத்தை அவருடைய மேலாளர் இருக்கும் மின்னஞ்சலில் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். முதலில் உங்கள் மேலாளரிடம் பேசிவிட்டு, என்ன சொன்னார் என்று இங்கு எழுதுங்கள். அவர் மறுத்தால் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கிறார் என்பதைப் பொறுத்து அடுத்ததை யோசிக்கலாம்.